குரூப்பை விட்டு வெளியேறத் தெரியாத போலீஸ்காரன்

போன மாதம் ஒரு இளம் எஸ்.ஐ. போன் செய்தார். "ஆறுச்சாமி சார், சோஷியல் மீடியா வழியா இளைஞர்களைச் சேர்த்துக் குற்றம் தடுக்கிறது எப்படின்னு நம்ம புதுப் பசங்களுக்கு நீங்க ஒரு கிளாஸ் எடுக்கணும்" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அடுப்படியில் நின்ற என் மனைவி சரஸ்வதி சிரித்த சிரிப்பில் குக்கர் விசிலை எண்ணத் தவறி, அன்று பருப்பு பாயசமாகிவிட்டது.

அவள் சிரித்ததில் நியாயம் உண்டு. அன்று காலையில்தான், போனில் டார்ச் எரிகிறது, அணைக்கத் தெரியவில்லை என்று அவளிடம் நீட்டியிருந்தேன்.

கிளாஸுக்குப் போனேன். முன்வரிசையில் இருந்த பெண் போலீஸ் ஒருத்தி எழுந்து, "சார், என்ன ஆப் யூஸ் பண்ணினீங்க?" என்று கேட்டாள். "வாட்ஸ்அப்" என்றேன். எல்லார் முகமும் வாடிவிட்டது. பெரிதாக ஏதோ எதிர்பார்த்து வந்திருக்கிறார்கள். கதையை ஆரம்பிப்பதற்குள் டீ வந்தது, அதன் பின்னாலேயே அடுத்த பேச்சாளரும் வந்துவிட்டார். அங்கே தொண்டையில் நின்றுபோனதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், மூச்சு வாங்கினேன், கடைசிக்கு ஒரு இடம் முன்னால் தேறினேன். எனக்கும் பின்னால் வந்தவன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காகக் கேரள போலீஸ் என்னைத் தமிழ்நாட்டு எல்லையை விட்டு நகர்த்தவேயில்லை. மறையூர், மூணாறு, கடைசியில் சொந்த ஊர்ப் பக்கம் முதலமடை என்று வேலைக்காலம் முழுக்கத் தமிழ் பேசுகிறவர்களுக்குள்ளேயே ஓடிவிட்டது.

மூணாற்றில்தான் முதல் குரூப்பை ஆரம்பித்தேன். தேயிலை எஸ்டேட் பிள்ளைகள், பாதிப் பேர் சர்ச் வாலிபர் கூட்டம், மீதிப் பேர் புட்பால் டீம். டூரிஸ்ட் ஜீப்புகள் கண்மண் தெரியாமல் பறப்பதையும், பள்ளிக்கூடத்துப் பக்கம் எவனோ மாத்திரை விற்பதையும் அந்தப் பிள்ளைகள்தான் முதலில் சொன்னார்கள். எனக்கு மாற்றல் வந்ததும் முறைப்படி குரூப்பை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் மலையை விட்டு இறங்கிய பிறகும் மலை என் சட்டைப்பையில் டிங் டிங்கென்று அடித்துக்கொண்டே இருந்தது.

முதலமடையில் இரண்டாவது குரூப். மாந்தோப்புக்காரர்களின் பிள்ளைகள், பேக்கிங் ஷெட்டில் வேலை செய்பவர்கள், லாரி டிரைவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று நிறையச் சேர்த்தேன். என்ன பிரயோஜனம்? காலையில் ரோஜாப்பூ வரும், சாயங்காலம் வேறொரு ரோஜாப்பூ வரும். இடையில் நான் "பைக்கில் செல்லும்போது ஹெல்மெட் அணிவோம்" என்று போடுவேன். அதற்குக் கும்பிடு வரும். சுடுகாட்டில்கூட இதைவிடப் பேச்சு அதிகம்.

அந்த குரூப் உயிர் பெற்றது என் திறமையால் அல்ல, என் மூல வியாதியால்.

ஒருநாள் பந்தோபஸ்து வேலைக்கு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் மலையாளி இன்ஸ்பெக்டர் மேடம். மனைவிக்கு வாய்ஸ் அனுப்ப வேண்டும், அதுவும் மேடம் காதில் விழாமல். ஜன்னல் பக்கம் திரும்பி, வாயைப் பொத்திக்கொண்டு பேசினேன்: "சரசு, மேடம் கூட இருக்கறாங்க, சத்தமாப் பேச முடியல. அந்த மூலத்துக்குப் போடற களிம்ப எங்க வெச்ச? ஜீப்புல உக்கார முடியல. எடுத்துப் பிரிட்ஜுல வெய்யி, வந்து போட்டுக்கறேன்."

அனுப்பினேன். சரசுவுக்கு இல்லை, குரூப்புக்கு. மேடமும் அதில் ஒரு அட்மின்.

பிறகு கதிர்வேல் என்று ஒரு பையனிடமிருந்து பதில் வந்தது: "சார், பிரிட்ஜுல வெச்சா கெட்டியாயிருமுங்க. வெளியவே இருக்கட்டுங்க."

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஒருவன் துத்திக்கீரை சொன்னான், ஒருத்தி கருணைக்கிழங்கு சொன்னாள், லாரிக்காரன் ஒருவன் "எனக்கும் அதே தானுங் சார்" என்று மனம் திறந்தான். மேடம் தன் போனைக் காதில் வைத்து முழுவதும் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "ஆறுச்சாமி சேட்டா, வேணுமெங்கில் முன்சீட்டில் இரிக்கூ. அது கொஞ்சம் சாஃப்ட்" என்றார்.

மறுநாள் முதல் பையன்கள் என்னிடம் பேசத் தொடங்கினார்கள். களிம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவனைக் கண்டு யாருக்குப் பயம் வரும்? கால்வாய் ரோட்டில் நடந்த பைக் ரேஸ், தோப்பில் காய் திருடிய கும்பல், நம்பர் பிளேட் மாற்றின ஸ்கூட்டர் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

மேடத்தைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழை சினிமா பார்த்தே படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மெசேஜ் வந்தால் ஒருமுறை படித்துவிட்டு, போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பால் இல்லாத கட்டன் சாயாவைக் குடிப்பார். டம்ளர் காலியான பிறகுதான் பதில். நான் பரபரப்பேன். "உடனே மறுபடி போடறது போலீஸ் இல்லா சேட்டா, அயல்காரன்" என்பார். மறுபடி என்றால் பதில், அயல்காரன் என்றால் பக்கத்து வீட்டுக்காரன்.

குரூப்புக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். எந்தச் செய்தியைப் போட்டாலும் முதல் சொல்லாகக் கண்டது, கேட்டது, வந்தது என்ற மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். கண்ணால் பார்த்திருந்தால் கண்டது. ஒருவர் வாயால் சொல்லக் கேட்டிருந்தால் கேட்டது. போனுக்கு யாரோ அனுப்பியிருந்தால் வந்தது. மலையாளத்திலும் தமிழிலும் இந்த மூன்று சொல்லும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எங்கள் எல்லைக்கு அது தோதாக இருந்தது.

கண்டது என்றால் நாங்கள் வண்டி எடுப்போம். கேட்டது என்றால் நான் மட்டும் யூனிஃபார்ம் இல்லாமல் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். வந்தது என்றால் யாரும் அசையக்கூடாது. அதை இன்னொரு ஊர்க்காரர்களிடம் காட்டி, "உங்களில் யாராவது கண்டீர்களா?" என்று விசாரிக்க வேண்டும். ஆட்களின் போட்டோவைக் குரூப்பில் போடக்கூடாது, தனியாக எங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். யார் சொன்னார்கள் என்பது செத்தாலும் வெளியே வரக்கூடாது.

"இன்னொரு ஊர்க்காரங்களை எங்க தேடறது மேடம்?" என்றேன்.

"நீங்கள் இப்பவும் மூணார் குரூப்பில் உண்டல்லோ?"

"வெளிய வரத் தெரியலீங்க."

"வரண்டா" என்றார். வர வேண்டாம் என்று அர்த்தம். என் அறியாமை அன்றைக்குத்தான் டிபார்ட்மெண்ட் பணியாக உயர்த்தப்பட்டது.

களிம்பு வைத்தியம் சொன்ன கதிர்வேல் அதற்குள் குரூப்பின் தூணாகியிருந்தான். பி.காம். படித்தவன். அப்பாவுக்கு மாந்தோப்பு. பூத்த நேரத்தில் மழை பெய்து தொடர்ந்து விளைச்சல் கெட்டதில் அவனுக்குத் தோப்பே வெறுத்துப்போயிருந்தது. வாய்த்துடுக்கு ஜாஸ்தி, ஆனால் பொய் போட மாட்டான். ஒரு மாசி மாதத்தில் அவன் குரூப்பில் இப்படிப் போட்டான்: "வந்தது: எனக்கு வெளிநாட்டுல வேலை!" கீழே வண்ண வண்ணமாக ஒரு போஸ்டர். கிழக்கே ஒரு நாட்டில் கம்ப்யூட்டர் வேலை, தங்க இடம், சாப்பாடு, ஏசி. ஏஜென்ட் டிக்கெட்டே போட்டுவிட்டானாம். அடுத்த வாரம் கொச்சி நெடும்பாசேரியில் விமானம்.

குரூப் முழுக்கக் கைதட்டல். நானும் ஒரு சிவப்பு இதயம் போட்டேன். மேடம் போனைக் கவிழ்த்து வைத்துச் சாயாவைக் குடித்து முடித்தார்.

"சேட்டா, இது வந்தது அல்லே? மேல சோதிக்கூ."

மேலே, மலையில் கேளுங்கள் என்கிறார். சட்டம் சட்டம்தான். போஸ்டரை மூணாறு குரூப்பில் போட்டு, "கண்டவர்கள் உண்டா?" என்று கேட்டேன். டிக் இரண்டும் நீலமாவதற்குள் எனக்குத் தனியாக போன் வந்தது. ஸ்டெல்லா. மூணாறு டவுனில் டூரிஸ்டுகளுக்குத் தேயிலை விற்கும் கடையில் வேலை செய்பவள். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வரிசையில் வீடு. மலைக் குரூப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது அவள்தான்.

"சார், அதை அழிங்க சார் மொதல்ல. எல்லாரும் பாக்குறதுக்குள்ள."

எனக்கு அழிக்கவும் தெரியாது. எந்த இடத்தை அமுக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொடுத்து, நான் அமுக்கி, ஒருவழியாகப் போஸ்டர் போயிற்று.

"எங்க அண்ணன் ஜெபா இந்த ஆளு மூலமாத்தான் சார் போயிருக்கான். அதே படம், அதே நம்பரு."

"நல்லா இருக்கானாம்மா?"

"வாரத்துக்கு ஒருக்கா வீடியோல வருவான். சிரிப்பான். நல்லாருக்கேன்பான். அம்மா சபையில எழும்பி சாட்சியே சொல்லிட்டாங்க, கர்த்தர் எம்மவன உயர்த்துனாருன்னு. எல்லாரும் கைதட்டுனாங்க." அவள் குரல் இறங்கியது. "போன மாசம் ஒரு மெசேஜ் வந்துச்சு சார். வெளிய விட மாட்டேங்கிறாங்க, வீட்ல சொல்லாதன்னு. நான் பாத்துட்டு இருக்கயிலேயே அழிச்சிட்டான்."

"வேற யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. எனக்கே சில நேரம் சந்தேகமா இருக்கு சார், மெய்யாவே பாத்தமான்னு. வெளிய சொன்னா அவன என்ன செய்வாங்களோன்னு பயம். அம்மாட்ட எந்த மூஞ்சிய வச்சிட்டுச் சொல்ல?"

இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் குற்றம் நடந்து முடிந்த பிறகு போய் நின்றவன் நான். முதல்முறையாக அது நடப்பதற்கு முன்னால் நிற்கிறேன். ஒரு பையன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான், அவன் போகிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் நாள் இருக்கிறது! போனைக் கையில் பிடித்தபடி மேடத்தின் அறைக்கு ஓடினேன். வழியில் இருந்த நாற்காலியையும் கூட இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். மேலிடத்துக்கு எழுதினார், சைபர் பிரிவுக்கு போன் செய்தார். "அவர் நோக்கும். பக்ஷே சமயம் எடுக்கும். ஸ்டெல்லா பராதி தர மாட்டாள், அண்ணனுக்கு ஆபத்து. கதிர் மேஜர். பாஸ்போர்ட் சரி, டிக்கெட் சரி. நமக்குத் தடுக்க அதிகாரம் இல்லா." அவர்கள் பார்ப்பார்கள், ஆனால் நாளாகும் என்கிறார். பராதி என்றால் புகார். புகார் இல்லாமல் சட்டம் வாசற்படியைத் தாண்டாது.

"அப்ப என்னங்க மேடம் பண்றது?"

"பேசூ. ஸ்டெல்லாவோட பேரு மாத்ரம் வரக்கூடாது."

தோப்புக்குப் போனேன். லாரியில் மாங்காய்ப் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. கதிர் மேலே நின்று பெட்டி வாங்கிக்கொண்டிருந்தான்.

"ஏனுங் சார், பகல்லயே காய் திருட வந்துட்டீங்களா?"

"எறங்கி வா கதிரு, ஒரு விசயம்."

ஏஜென்ட் சரியில்லை, அங்கே போனவர்களை வெளியே விடுவதில்லை என்று சொன்னேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"இது கண்டதுங்களா, கேட்டதுங்களா, வந்ததுங்களா?"

"...கேட்டது."

"யாருகிட்டங்க?"

"அதைச் சொல்ல முடியாது."

"அப்பறமென்னங் சார்? கேட்டதுன்னா நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வருவீங்க. குடிச்சுட்டுப் போங்க, நாஞ் சொல்றேன் கடைல." சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "சார், ஊரு பூரா சொல்லியாச்சுங்க. அம்மா புதுச் சட்டை எடுத்து வெச்சிருக்குது. இந்தத் தோப்புல நானும் எங்கப்பனாட்டம் வானத்தப் பாத்துட்டே கிழவனாகோணுங்களா?"

எங்கள் சட்டத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டான். டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் கணக்கில்தான்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. கதிர் ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: நோம்பி சாட்டி, அதாவது ஊரறிய அறிவித்து, கம்பம் நட்டுவிட்டால் முடிகிறவரை ஊர்க்காரர் யாரும் வெளியூரில் தங்கக்கூடாது. போலீஸ் தடுக்க முடியாதவனை மாரியம்மன் தடுக்கலாமே! சாட்டு மட்டும் அவன் விமானத்துக்கு முன்னால் வர வேண்டும். விழாக் கமிட்டியில் ஓடியாடுகிறவர்கள் எல்லாம் நம் குரூப் பையன்கள். இரண்டு பேரிடம் காதைக் கடித்தேன். துள்ளிக் குதித்தார்கள். பெரியவர்களிடம் பேசி, முந்தின தேதியைக் கேட்டுப் பார்க்கச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். எங்கள் நெட்வொர்க்கின் வேகத்தை நினைத்து நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன்.

தேதியை மனிதர்கள் முடிவு செய்ய முடியாது. பூ வாக்குக் கேட்க வேண்டும். அம்மனுக்கு வலமும் இடமுமாக அரளிப் பூவை ஒட்டி வைப்பார்கள். வலது பூ விழுந்தால் சம்மதம், இடது விழுந்தால் இல்லை. கோயிலில் கூட்டம். பூசாரி பூ வைத்தார். கதிரும் தீபத் தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நின்றான். நான் கைகூப்பி, கண்ணை அந்த வலது பூவிலேயே நிறுத்தி, 'தாயே, டிபார்ட்மெண்ட் சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்' என்று வேண்டினேன்.

இடது பூ விழுந்தது. தயங்கிக்கூட விழவில்லை, பட்டென்று விழுந்தது.

நோம்பி பழைய தேதியிலேயே. கதிரின் விமானத்துக்குப் பிறகுதான். என் காதோரம் ஒரு பையன், "சார், அம்மனுக்கும் பராதி வேணுமாட்ட இருக்குதுங்க" என்றான். அதற்குள் கதிர் தட்டோடு என் பக்கம் வந்தான். எவனோ உளறியிருக்கிறான். திருநீற்றை எடுத்து என் நெற்றியில் அவனே பூசினான்.

"பாத்தீங்களாங் சார்? போயிட்டு வான்னு அம்மனே சொல்லிருச்சு."

அதுவரை போகலாமா வேண்டாமா என்று அவன் மனதில் ஒரு மூலையிலாவது சந்தேகம் இருந்திருக்கும். நான் மெனக்கெட்டு ஏற்பாடு செய்து அதையும் துடைத்து, தெய்வச் சம்மதத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு போன் செய்து தோல்வியைச் சொன்னேன். அவள் மறுநாள் மதியம் ஸ்டேஷன் வாசலில் நின்றாள். கடைக்கு லீவு போட்டு, மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி வந்திருக்கிறாள். மலை ஸ்வெட்டரை இடுப்பில் கட்டியிருந்தாள். எங்கள் ஊர் வெயிலில் முகம் சிவந்திருந்தது.

"என் பேரச் சொல்ல மாட்டேன்னீங்கல்ல சார். நானே சொல்லிக்கிறேன். ஆளு எங்க இருக்காரு?"

மேடம் யூனிஃபார்மை மாற்றி சுடிதாரில் வந்தார். மூன்று பேரும் தோப்பில் இருந்த பேக்கிங் ஷெட்டுக்குப் போனோம். ஸ்டெல்லா கதிருக்கு முன்னால் நின்று நேராகச் சொன்னாள்.

"எங்க அண்ணன் அங்கருந்து அனுப்புன மெசேஜ நான் கண்டேண்ணே. ஒரே தரம் கண்டேன். அழிச்சிட்டான். சாட்சிக்கு என்ட்ட ஒண்ணும் இல்ல."

முன்பின் தெரியாத ஒரு பெண் மலையிலிருந்து தனக்காக இறங்கி வந்து நிற்கிறாள் என்பதைக் கதிரால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இருந்தாலும் டிக்கெட் போனில் இருக்கிறது, புதுச் சட்டை வீட்டில் இருக்கிறது. "அம்மிணி, உங்களப் பொய்யுன்னு சொல்லலீங்க" என்றான். "ஆனா உங்கண்ணன் வாயால நான் கேக்கோணுங்க. ஏஜென்டுகிட்ட, அங்க இருக்கற நம்மாளு யாருகூடயாவது பேச வையுங்கன்னு சொல்றேன்."

மேடம் யோசித்தார். இந்தமுறை கவிழ்த்து வைக்க மேஜையும் இல்லை, சாயாவும் இல்லை. "சரி. மூணார் என்னு நீ சொல்லாதே. ஸ்டெல்லா கேமராவில் வரக்கூடாது. கேஸ் மாதிரி ஒரு கேள்வியும் கேக்காதே. அவன்ட பக்கத்தில் ஆள் இருக்கும். சாதாரணமா பேசூ."

கதிர் ஏஜென்டுக்கு மெசேஜ் போட்டான். போகிறவன் உற்சாகமாகக் கேட்கிறான், எந்த ஏஜென்ட் மறுப்பான்? "நம்ம மூணாறு பையனே இருக்கான், பேசு" என்று பதில் வந்தது. ஸ்டெல்லா சட்டென்று பெட்டி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில். மேடம் தள்ளி, காய் பிரிக்கிற பெண்களோடு கலந்து உட்கார்ந்து மாங்காயைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வீடியோ வந்தது. பெட்டி இடுக்கு வழியாக எனக்கும் தெரிந்தது. வெள்ளைச் சுவர், டியூப்லைட் வெளிச்சம், நடுவில் ஒரு மெலிந்த முகம். ஸ்டெல்லா ஸ்வெட்டர் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"வணக்கம் பிரதர்" என்றான் ஜெபா. சிரித்தான். "நல்ல வேலை பிரதர். நல்ல சாப்பாடு. ரூம் ஏசி. நம்ம ஆளுங்க நிறையப் பேரு இருக்காங்க. பயப்படாம வாங்க."

"ஊட்டு ஞாபகம் வராதுங்களா?"

"அதெல்லாம் பழகிரும் பிரதர். தைரியமா வாங்க."

கதிரின் முகம் தெளிந்தது. அந்தப் பையன் நன்றாகவே பேசுகிறான்! இனி யார் சொன்னாலும் கதிர் நிற்க மாட்டான். மேடம் கையிலிருந்த மாங்காய் புரளாமல் நின்றுவிட்டது. கதிர் போனை வைக்கத் தயாராகிவிட்டான்.

அந்த நேரம் நெல்லியாம்பதி மலைப் பக்கம் லேசாக இருட்டிக்கொண்டு வந்தது. காய் முற்றும் பருவத்தில் மேகம் கறுத்தால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் நிலைகொள்ளாது. எந்த ஊரிலிருந்து யார் பேசினாலும், வைப்பதற்கு முன் வாய் தானாகக் கேட்டுவிடும். கதிரும் கேட்டான். தந்திரமாக அல்ல, தோப்புக்காரன் மகனாக.

"சரிங்க, அப்ப வெச்சுரட்டுங்களா? அங்க மழைங்களா, வெயிலுங்களா?"

ஜெபாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் நகர்ந்தது. வலப்பக்கம் போயிற்று, இடப்பக்கம் போயிற்று, மேலே போயிற்று. எங்கும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

"தெரியல பிரதர்" என்றான்.

யாரோ பக்கத்திலிருந்து ஏதோ சொன்னார்கள். "உள்ள ஏசில இருக்கறனால..." என்று தொடங்கினான். கால் அறுந்துவிட்டது.

கதிர் கறுத்துப்போன போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சார், பட்டப்பகலுங்க இது. மழையா வெயிலான்னு தெரியாதுன்னு ஒரு மனுசன் சொல்லுவானுங்களா? காத்தால பல்லு வெளக்க வெளிய வந்திருந்தாக்கூடத் தெரியுமல்லங்க?"

பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் அழுகைச் சத்தம் அப்போதுதான் வெளியே வந்தது. கதிர் அவளிடம் போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அழுவாதீங்க அம்மிணி. இப்ப நானும் கண்டுட்டனுங்க." எழுந்து மேடத்திடம் சொன்னான்: "பராதி நான் தர்றனுங்க. எம் பேருலயே. டிக்கெட், மெசேஜு, அவன் குரலு, எல்லாம் எங்கிட்ட இருக்குதுங்க. இந்தப் பொண்ணோட பேரே வேண்டாங்க."

மேடம் அவன் தோளில் கையை வைத்தார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்தது அது ஒருமுறைதான். காய் பிரித்த பிசின் சுடிதாரெல்லாம் ஒட்டியிருந்தது.

மேடம் சொன்னபடி, எந்த ஊர், யார் பேர் என்று இல்லாமல், கதிர் தன் குரலில் ஒரு வாய்ஸ் போட்டான். "கண்டது" என்று ஆரம்பித்து, தான் பெட்டி கட்டினது, ஊர் பூரா பீற்றினது எல்லாவற்றையும் சொல்லி, நான் போகவில்லை என்று முடித்தான். அதை இரண்டு குரூப்பிலும் போட்டேன். அந்தச் சாயங்காலம் என் போன் பட்டபாடு! டிங், டிங், டிங். மறையூரில் வெல்லம் காய்ச்சுகிற ஒரு பையன், "சார், நான் பாஸ்போர்ட் குடுத்திட்டேன், என்ன செய்ய?" மூணாற்று ஜீப் டிரைவர் ஒருவன், "என் மச்சான் அடுத்த மாசம் போறான் சார், புடிச்சுக் கட்டி வைக்கட்டா?" கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தாய், மகன் போனிலிருந்து. போன் சூடாகிக் கையில் பிடிக்க முடியவில்லை. நானும் மேடமும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசினோம். ஒவ்வொருவரும் "போகல சார்" என்று சொல்லும்போது எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. முன்பு சொன்ன வியாதி காரணமாகக் குதிக்கவில்லை.

அந்த ஏஜென்ட் பிடிபட்டது எப்படி என்பது கோர்ட்டில் இருக்கிற விஷயம், நான் பேசக்கூடாது. ஜெபாவை மீட்பதற்குத்தான் காலம் பிடித்தது. எத்தனையோ ஆபீஸ்கள், எத்தனையோ போன்கள். ஸ்டெல்லா அம்மாவிடம் எப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இதற்கிடையில் நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அந்த வாரமே செய்தி வந்தது: ஒரு கூட்டமாகத் திருப்பி அனுப்புகிறார்கள், ஜெபாவும் உண்டு.

நெடும்பாசேரிக்குக் கதிர்தான் தோப்பு பிக்கப் வண்டியை ஓட்டினான். முன்னால் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும். பின்னால் வெறும் மாங்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நான். விமான நிலைய வாசலில், "நான் போலீஸ்" என்று உள்ளே போகப் பார்த்தேன். "ஐடி கார்டு?" என்றான் காவலாளி. ஒப்படைத்தாயிற்று. எல்லாரோடும் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்றேன்.

ஜெபா வந்தான். வீடியோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். வெளிச்சத்துக்குக் கண் கூசி, நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு வந்தான். அவன் அம்மா தடுப்புக்கு அடியில் நுழைந்து ஓடினாள். அந்தக் காவலாளியும் தடுக்கவில்லை. தாயும் மகளும் அவனைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நானும் கதிரும் விமான அட்டவணையை மும்முரமாகப் படித்தோம்.

பிறகு அவன் எங்கள் பக்கம் வந்தான். என்னை அவனுக்குத் தெரியாது. கதிரை உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, நீங்கதான மழையான்னு கேட்டது?"

கதிர் தலையாட்டினான்.

"அன்னைக்கு வெயிலுண்ணே. மறுநா சோறு கொண்டாந்தவன்ட்ட கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். உங்கட்ட சொல்லத்தான் வழியில்ல."

வாய்த்துடுக்குக்காரன் கதிர் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினான். ஜெபாவிடம் பெட்டி எதுவும் இல்லை. நீட்டின கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்கும் பக்கம் கூட்டிப் போனான்.